போர்டு ஸ்கூலுக்கு ஒரு தேர்தல்

பண்ருட்டிக்குத் தெற்கே முந்திரிக் காடுகளுக்கு நடுவில் இருக்கும் எங்கள் ஊரின் தொடக்கப் பள்ளியை, எண்பது வயதைத் தாண்டியவர்கள் இன்றும் 'போர்டு ஸ்கூல்' என்றுதான் சொல்கிறார்கள். பெயர்ப் பலகையில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்று எழுதி அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் அவர்கள் வாயில், அந்நாளில் பள்ளிகளை நடத்திய தென்னாற்காடு ஜில்லா போர்டு இன்னும் கலையவில்லை. அந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்து, முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் கணக்கெழுதி ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிய எனக்கு, 2024 ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர் என்ற பெயரில் ஓர் இடம் கிடைத்தது. அன்று நடந்த தேர்தலையும் அதற்குப் பிறகு அந்தக் குழுவில் கண்டதையும் எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போர்டு என்பது தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அமர்ந்த இடம்தான். ஆனால் சொத்தும் வரிரசீதும் உள்ளவர்களுக்கே அப்போது வாக்கு இருந்தது. என் தாத்தாவுக்கு இருந்திருக்க வாய்ப்பில்லை. 1958-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்துக்குப் பின் இத்தகைய பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்புக்கு வந்தன. 1981-இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாக்கப்பட்டார்கள். ஆசிரியர்களின் சம்பளத்துக்கும் மரியாதைக்கும் அது பெரிய விடுதலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே வேளையில், பள்ளியைப் பற்றி ஊரார் யாரிடமாவது கேள்வி கேட்க வேண்டுமென்றால் அந்த 'யாரோ' கடலூரிலோ சென்னையிலோ இருக்கும் நிலையும் அப்போது உறுதியாகிவிட்டது.

அந்தக் கேள்வியை மறுபடியும் ஊருக்குள் கொண்டுவந்தது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அதன் 21-ஆவது பிரிவு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்களுடைய எண்ணிக்கைக்கேற்ப இடம் இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வந்த மானியம் எதற்குச் செலவானது என்று பார்ப்பது ஆகியவை குழுவின் வேலைகள். தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் இது பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. 2022-இல் மாநிலம் முழுவதும் பெற்றோரை அழைத்துக் கூட்டம் போட்டு 20 பேர் கொண்ட குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 2024-இல் அது 24 பேராகி, முன்னாள் மாணவர்களும் உள்ளே வந்தார்கள். நான் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

தேர்தல் நாளன்று காலை பத்து மணிக்கு நாற்பத்திரண்டு பெற்றோர் வந்திருந்தார்கள். பள்ளியில் இருப்பதே அறுபத்து நான்கு பிள்ளைகள் என்பதால், அது நல்ல கூட்டம்தான். நான்கு பேரைத் தவிர எல்லோரும் அம்மாக்கள். அந்த நான்கு அப்பாக்களில் இருவர் உள்ளே வராமல் வேப்ப மரத்தடியிலேயே நின்றுகொண்டார்கள். தலைமையாசிரியை விதிகளைப் படித்துக் காட்டி, தலைவர் பொறுப்புக்குத் தாய்மார்களுக்கு முன்னுரிமை என்று சொல்லி முடிப்பதற்குள், மரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது: "அதெல்லாம் நேத்து ராத்திரியே ஊர்ல பேசி முடிச்சாச்சு டீச்சர், பேர எழுதிக்குங்க." மாரியம்மன் கோயில் மேடையில் நான்கு ஆண்கள் பேசி முடித்த அந்தப் பெயருக்கு உரிய பெண் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தன் பெயரைக் கேட்டதும் பக்கத்திலிருந்தவரின் முகத்தைப் பார்த்தார். அவரிடம் யாரும் முன்கூட்டிக் கேட்டிருக்கவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் எந்தப் பொறுப்பும் இப்படித்தான் முடிவாகிறது. 2019 உள்ளாட்சித் தேர்தலின்போது பண்ருட்டி வட்டாரத்தில் ஓர் ஊராட்சித் தலைவர் பதவி பல லட்சத்துக்கு ஏலம் போனதாகச் செய்தி வந்து சிரிப்பாய்ச் சிரித்தது. பணமில்லாத பதவி என்றால் ஏலம் இல்லை, 'ஒருமனதாக' என்ற ஒரு சொல் போதும். தீர்மான நோட்டில் அந்தச் சொல்லை எழுத இரண்டு நொடிதான் ஆகும். வங்கியில் இருந்தபோது கூட்டுறவுச் சங்கங்களின் தீர்மான நகல்களை ஆயிரக்கணக்கில் புரட்டியிருக்கிறேன். ஒருமனதாக என்ற சொல் எங்கெல்லாம் வரிக்கு வரி வருமோ, அந்தக் கணக்கைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு பார்ப்பது என் வழக்கம்.

அன்று அந்தச் சொல்லை எழுதவிடாமல் செய்தவர், காலனியிலிருந்து வந்து வாசலருகே தரையில் உட்கார்ந்திருந்த ஒரு தாய். பெஞ்சுகளில் இடம் இருந்தும் காலனிப் பெண்கள் தரையில்தான் அமர்ந்திருந்தார்கள். யாரும் அவர்களைத் தரையில் உட்காரச் சொல்லவில்லை, பெஞ்சில் உட்காரச் சொல்லவும் இல்லை. 2020 அக்டோபரில், புவனகிரி அருகே ஓர் ஊராட்சியில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படம் வெளியாகி நாடே பார்த்தது நினைவிருக்கலாம். அந்த ஊர் எங்களுக்கு ஒரு மணி நேரப் பயணத் தொலைவு. அந்தத் தாய் எழுந்து நின்று, "எங்க தெருவுலேர்ந்து இருபத்தேழு புள்ளைங்க இங்க படிக்குது டீச்சர். பேசி முடிச்சாச்சுன்னா யாரு பேசுனாங்க? எங்கள யாரும் கூப்புடலியே. நானும் நிக்கிறேன்" என்றார்.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. தலைமையாசிரியை நினைத்திருந்தால் ஊர்ப் பெரியவர்களைச் சமாதானப்படுத்தி அதைக் கடந்து போயிருக்கலாம். பலர் அதைத்தான் செய்வார்கள். அவர் முதலில் எல்லோரையும் பெஞ்சில் வந்து உட்காரச் சொன்னார். பிறகு கையை உயர்த்தச் சொல்லி, எண்ணும்போது தவறு வராமல் இருக்க ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியையும் தன்னோடு எண்ணச் சொன்னார். இருபத்து மூன்றுக்குப் பத்தொன்பது. கோயில் மேடையில் முடிவான பெயரே வென்றது. தோற்றவர் உறுப்பினராகக் குழுவுக்குள் வந்தார். வென்றவர், தோற்றவர் இருவருமே முந்திரிக் கொட்டை உடைக்கும் கூலிக்குப் போகிறவர்கள் என்பதைக் கையெழுத்துப் போடும்போது கவனித்தேன். கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு இருவரின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்து, நுனித்தோல் உரிந்திருந்தது. பேனாவை அழுத்திப் பிடித்தால் எரியும் என்பதால் இருவரும் நடுவிரலில் பேனாவைச் சாய்த்துக்கொண்டு எழுதினார்கள்.

அந்த நான்கு வாக்கு வித்தியாசம் குழுவுக்குச் செய்த நன்மை அடுத்தடுத்த மாதங்களில்தான் தெரிந்தது. கூட்டம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது. கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு வெள்ளிக்கிழமைப் பிற்பகல் என்பது அரை நாள் கூலி. அரசுத் தரப்பில் இந்த நேரத்தை முடிவு செய்தவர்கள் மாதச் சம்பளக்காரர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். இருந்தும் முதல் மூன்று கூட்டங்களுக்குப் பதினைந்து பேருக்குக் குறையாமல் வந்தார்கள். வருகையையும் தீர்மானங்களையும் செல்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டும் என்பதால், தலைமையாசிரியையின் கவனத்தில் பாதி அதிலேயே போய்விடும். எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்க அவர் சமையற்கூடத்தின் பின்பக்கம் போய் நிற்க வேண்டும்.

மூன்றாவது கூட்டத்தில் நான் ஒரு வேண்டுகோள் வைத்தேன். பள்ளிக்கு வரும் பணத்தை எடுக்கத் தலைமையாசிரியரும் குழுத் தலைவரும் ஆகிய இருவரும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்துப் போடுகிறவருக்கு எதற்குப் போடுகிறோம் என்று தெரிய வேண்டாமா? ஆகவே ஒவ்வொரு கூட்டத்திலும் வரவு செலவை வரி விடாமல் உரக்கப் படிக்க வேண்டும் என்றேன். தலைமையாசிரியையின் முகம் சற்று மாறியது. ஓய்வுபெற்ற வங்கிக்காரன் தணிக்கை செய்ய வந்துவிட்டான் என்று நினைத்திருப்பார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

படித்தார். எங்கள் பள்ளியின் அளவுக்கு, அதாவது 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு, ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு உரிய மானியம் 25,000 ரூபாய். சுண்ணாம்பு முதல் கழிவறைக் குழாய் வரை, மின்விசிறி முதல் துடைப்பம் வரை எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். அதிலும் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கென்று ஒதுக்க வேண்டும். தண்ணீர் மோட்டார் பழுதுக்கு 3,800 ரூபாய் என்ற வரி வந்தபோது, தோற்ற வேட்பாளர் நிறுத்தச் சொன்னார்: "மோட்டாருதான் இன்னும் ஓடலியே டீச்சர், புள்ளைங்க அடிபம்புலதான தண்ணி புடிக்குது? அப்ப எதுக்கு இந்தக் காசு?" விசாரித்தபோது தெரிந்தது: மெக்கானிக் வந்து காயில் கட்டிக் கொடுத்துப் போன பத்தாம் நாளே மோட்டார் மறுபடியும் புகைந்துபோனது, இரண்டாம் முறை கட்டக் கொடுத்த பணம் கணக்கிலேயே இல்லை, அது தலைமையாசிரியையின் கைப்பணம். இதே திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு உரிய 2,152 கோடி ரூபாய் கல்வி நிதி ஒன்றிய அரசிடமிருந்து வராமல், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்ற 2024-25 கல்வியாண்டு அது. எங்கள் ஊர் வரைக்கும் அந்தச் செய்தி வந்து சேர்ந்த உருவம், ஓர் ஆசிரியையின் கைப்பையிலிருந்து போன இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்தான். கேள்வி கேட்ட அதே பெண் "இத முன்னாடியே சொல்லியிருந்தா தலைக்கு அம்பது போட்டிருப்பமே டீச்சர்" என்றார். மானியம் வந்ததும் முதலில் அந்தப் பணத்தைத் திருப்பித் தருவதென்று எழுதிக்கொண்டோம்.

கணக்கை மறைப்பவர்களைப் பிடிப்பதற்காகத்தான் கணக்கு கேட்கிறோம் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. நேர்மையானவர்கள் தனியாகச் சுமக்கும் பாரமும் அதே ஏட்டில்தான் ஒளிந்திருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியைத் தலைவர் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேடையில் முடிவானவருக்கு மேடைக்குக் கட்டுப்பட்ட தயக்கம் இருந்தது. எதிர்த்து நின்று தோற்றவருக்கு அது இல்லை.

அமெரிக்காவில் ஒரு சிற்றூரில் வசிக்கும் என் தங்கை மகன், தங்கள் ஊர்ப் பள்ளி வாரியத் தேர்தலைப் பற்றிச் சொன்னபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அங்கே ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள். பெரும்பாலானவற்றில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் வாரியமே தலைமை நிர்வாகியை நியமிக்கிறது, வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருகிறது. பணத்தின் ஒரு பகுதி அந்த ஊரின் சொத்து வரி. ஆனால் தங்கள் வாரியத்துக்கும் போட்டியே இல்லாமல் ஆட்கள் வருவது சகஜம், கூட்டத்துக்கு வருகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்றும் அவன் சொன்னான். அப்படியானால் போட்டியில்லாமை எங்கள் ஊருக்கு மட்டும் உரிய நோய் அல்ல. அவர்களிடம் அதிகாரம் இருக்கிறது. எங்களிடம் 25,000 ரூபாயும் ஒரு தீர்மான நோட்டும் இருக்கின்றன.

குழுவுக்கு உண்மையான அதிகாரம் தரப்பட்ட ஒரு சந்தர்ப்பமும் உண்டு. 2022 கோடையில், அரசுப் பள்ளிகளில் காலியாக இருந்த 13,331 ஆசிரியர் இடங்களை மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்பிக்கொள்ளலாம் என்றார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய். தகுதித் தேர்வில் தேறிக் காத்திருந்தவர்கள் கொதித்தார்கள், வழக்குகள் போயின, விதிகள் திருத்தப்பட்டன. கோயில் மேடையில் பெயர் முடிவாகும் ஊர்களில் ஆசிரியர் பெயரும் அங்கேயே முடிவாகிவிடும் என்ற அவர்களுடைய அச்சத்தை நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

இப்போது எங்கள் முன் இருப்பது சுற்றுச்சுவர். பள்ளியின் மேற்குப் பக்கம் திறந்து கிடப்பதால் இரவில் அங்கே குடிக்கிறார்கள், காலையில் பிள்ளைகள் வருவதற்குமுன் ஆயா புட்டித் துண்டுகளைப் பொறுக்குகிறார். இதை ஊராட்சியின் நூறு நாள் வேலைத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டோம். குழுவில் ஊராட்சியின் சார்பில் இருக்க வேண்டிய வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். எங்கள் குழுத் தலைவர் இந்த முறை யாரையும் கேட்காமல், தோற்றவரையும் அழைத்துக்கொண்டு, கூலியை விட்டுவிட்டு ஒன்றிய அலுவலகத்துக்கு இரண்டு முறை போய் வந்தார். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வைத்துத் தந்திருக்கிறார்கள். அந்த நகலைத் தீர்மான நோட்டில் ஒட்டியிருக்கிறோம். அதற்கு எதிர்ப்பக்கத்தில், உறுப்பினர்கள் கையெழுத்திடும் பட்டியலில், ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கான இரண்டு கட்டங்கள் மாதாமாதம் காலியாகவே இருக்கின்றன.