கல்லடிக் கரையில் இரட்டை நூல் பட்டம்

யூலை 5, 2025, சனி

தம்பி சுவிஸிலிருந்து மகனுக்கு அனுப்பின பட்டம் இன்று வந்தது. ஈர்க்குக் குச்சியும் தாளும் ஒட்டி நாங்கள் கட்டுகிற பட்டம் போல் இல்லை. ஒரு செட்டை நுனியிலிருந்து மற்றதுக்கு 1.6 மீற்றர். கார்பன் கம்பு, மெல்லிய நைலோன் துணி, வால் கிடையாது. பட்டத்தில் நூலைக் கட்டுகிற முச்சை இரண்டு, நூலும் இரண்டு, ஒவ்வொன்றும் 25 மீற்றர். வலக்கையை இழுத்தால் வலப்பக்கம் கிறுகும், இடக்கையை இழுத்தால் இடப்பக்கம். இந்த மாதிரிப் பட்டத்தை 1970களில் பரப்பினவர் பீற்றர் பவல் என்ற இங்கிலாந்துக்காரராம்; தம்பிதான் போனில் சொன்னான். கடைசியாக ஒன்று சொன்னான்: "அக்கா, நூல் டைனீமா எண்ட பலமான செயற்கை இழை. பட்டம் இழுக்கிற நேரம் விரலால பிடிச்சிராதீங்க, சதையை அறுத்துப்போடும்."

யூலை 6, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு மட்டக்களப்பு கல்லடிக் கரைக்குப் போனோம். கச்சான் காற்று, முகத்தில் அடுப்பு வெக்கை. பட்டம் எழும்பியது, கடலுக்கு மேலே போனது, உதறியது, திடீரென்று செத்த மாதிரி விழுந்தது. மறுகா ஒரு இழுவை வந்து என்னை இரண்டடி இழுத்தது. மூன்றாம் முறை நேரே அலைக்குள் விழுந்தது.

மகன் அதை எடுக்கக் கடலுக்குள் ஓடினான். முழங்கால் தண்ணீரில் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். பட்டம் போனால் போகட்டும். பின்வாங்குகிற அலை அவன் காலடி மணலை உருவிக்கொண்டு போனதை நான் கண்ணால் கண்டேன். இரவு எட்டு மணிக்கும் அதுதான் கண்ணுக்குள் நிற்கிறது.

வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து நூலைப் பக்குவமாகக் கரைக்கு இழுத்துத் தந்தார். "புள்ள, இது தரையில இருந்து கடலுக்கு எடுக்கிற காத்து. வீடு, மரமெல்லாம் தடுக்கித் தடுக்கித்தான் வருது. பின்னேரம் வாங்க, கடல்காத்து ஒரே சீரா வரும்." ஒரு கம்பு கீறி விட்டது. துணிக்குள் தண்ணீர் நிறைந்தால் அந்தப் பாரத்துக்கே கம்பு முறியும்.

யூலை 7, திங்கள்

பெரியவர் சொன்னதைத் தம்பியிடம் கேட்டேன். சரிதானாம். ஒரு தடைக்குப் பின்னால் அதன் உயரத்தைப் போல் ஏழு முதல் பத்து மடங்கு தூரம் வரை காற்று குழம்பும். பத்து மீற்றர் சவுக்கு மரம் என்றால் நூறு மீற்றர் வரை நல்ல காற்று இல்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். நேற்று என்னை இழுத்தது எதுவென்று இப்போது விளங்குகிறது.

யூலை 10, வியாழன், போயா

இதை எழுதக் கை நடுங்குகிறது, ஆனாலும் எழுத வேண்டும்.

பின்னேரம் நாலரை மணி. கடல்காற்று தென்கிழக்கால், கரையோடு சரிந்து அருமையாக வந்தது. பட்டம் முதல் முறையாகச் சொன்னபடி கேட்டது. விடுமுறை நாள், கரை நிறையச் சனம். நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாறு வயதுப் பையன் ஒருவன் பந்தின் பின்னால் ஓடி, பட்டத்துக்கு நேர் கீழே வந்ததைக் காணவில்லை. நடுவில், காற்று போகிற பக்கத்துக்கு நேரே, இழுவை ஆகக்கூடிய இடத்தில் பட்டம் மூக்குக் குத்தியது. பயத்தில் இரண்டு கையையும் பின்னுக்கு இழுத்தேன். அது இன்னும் வேகமெடுத்தது.

அவனுக்கு ஒரு முழம் தள்ளி மணலில் குத்தி நின்றது. கார்பன் கம்பின் நுனி மணலுக்குள் நாலு விரல் ஆழம் இறங்கியிருந்தது. பையன் சிரித்தான். அவனுடைய அம்மா ஓடி வந்தா. நான் மன்னிப்புக் கேட்டேன். அவ ஒன்றும் பேசாமல் பையனின் தலையைத் தடவிக்கொண்டே நின்றா.

குற்றம் என்னுடையது. சனம் நிற்கிற இடத்தில் ஏற்றியதே பிழை. மகனுக்கும் அதைத்தான் சொன்னேன்.

யூலை 13, ஞாயிறு

நாவலடிப் பக்கம் போனோம், சனம் இல்லை. முதலில் நடந்து அளந்தோம். நூல் 25 மீற்றர். நான் நிற்கிற இடத்திலிருந்து முன்னுக்கும் இரு பக்கமும் அறுபது காலடி எடுத்து வைத்து எண்ணி, அந்த வட்டத்துக்குள் ஆள் இல்லை, நாய் இல்லை, தோணி இல்லை என்று பார்த்தோம். வீதியோர மின்கம்பி அதற்கும் வெகு தூரம் அங்கால். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், ஈர நூலும் கடத்தும். கம்பியில் சிக்கினால் விட்டுவிட்டு மின்சார சபைக்குச் சொல்வது, எடுக்கப் போவதில்லை. விமான நிலையம் வாவிக்கு அங்கால், திமிலைதீவுப் பக்கம். அந்தப் பக்கத்துத் திடலில் ஏற்றுவதும் இல்லை.

இன்று படித்தது ஒன்றேதான், அதை இருபது தரம் செய்தோம்: பயம் வந்தால் பின்னுக்கு இழுக்காதே, பட்டத்தைப் பார்த்து முன்னுக்கு நட. இரண்டு எட்டு வைத்தால் நூல் தளர்கிறது, இழுவை செத்துப்போகிறது. உடம்பு இதற்கு நேர்மாறாகத்தான் செய்யப் பார்க்கும். மகனுக்கு ஏழாவது தரத்தில் வந்தது, எனக்குப் பதினைந்துக்கு மேலே.

யூலை 19, சனி

பட்டம் எந்த நேரமும் இடப்பக்கமே கிறுகியது. கையில்தான் பிழை என்று நினைத்தேன். இரண்டு நூலின் நுனியையும் ஒரே கட்டையில் மாட்டி இழுத்துப் பார்த்தால் இடது நூல் நாலு விரல் குறைவு. முடிச்சை அவிழ்த்துச் சரிப்படுத்திய பிறகு நேரே ஏறியது.

பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் நைலோன் நூலில் பட்டம் விட வந்தார்கள். உடனே இறக்கினோம். டைனீமா நூல் இரண்டும் ஒன்றோடொன்று முறுகினாலும் வழுக்கிப் போகும். வேறு நூலில் உரசினால் சூடேறும். டைனீமா உருகுவதற்கு 145 பாகை செல்சியஸ் அளவே போதும்.

யூலை 27, ஞாயிறு

மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா முடியும்வரை பட்டம் எடுக்கவில்லை. இன்று நாவலடியில் மணல் பறக்காத, இலை மட்டும் ஆடுகிற காற்று. நான் கைப்பிடியை எடுத்ததும் மகன் சுற்றிப் பார்த்து, "அம்மா, பின்னால ஒரு மாமா வாறார், பொறுங்க" என்றான். சைக்கிள்காரர் கடந்து போகும்வரை நின்றோம்.

இறக்குவதை இன்று படித்தோம். பட்டத்தை நடுவிலிருந்து மெல்ல வலது ஓரத்துக்குக் கொண்டுபோனால் இழுவை அடங்கிவிடுகிறது. அங்கே மணலுக்கு ஒரு முழம் மேலே வைத்து, இரண்டு எட்டு முன்னுக்கு நடந்தேன். செட்டை நுனி முதலில் தொட்டது, பிறகு மற்றது. மகன் ஓடிப்போய் அதைக் குப்புறக் கவிழ்த்து, மூக்கைக் காற்றுப் பக்கம் வைத்தான். நூலை எட்டு வடிவில் சுற்றி முடிக்கும்போது வாவிப் பக்கம் பொழுது சாய்ந்திருந்தது. கீறின கம்புக்கு மாற்று அடுத்த மாதம் அனுப்புவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான். அதுவரை காற்று கூடின நாளில் ஏற்றப் போவதில்லை.