ஸ்டே வந்தால் விற்கலாம்

2016 மார்ச் 10 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் 344 கூட்டு மருந்துகளை, அதாவது இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலந்து விற்பவற்றை, தடை செய்தது. அப்போது நான் மதுரையில் ஒரு மெடிக்கல்ஸில் பார்மசிஸ்ட். தடைப் பட்டியலில் பிராண்ட் பெயர்கள் கிடையாது, உள்ளே இருக்கும் மருந்துகளின் பெயர்கள்தான். ஒவ்வொரு ஸ்ட்ரிப்பாகத் திருப்பிப் படித்துப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அசெக்ளோஃபினாக், பாராசிட்டமால், ராபெபிரசோல் மூன்றும் சேர்ந்த மாத்திரை, நிமசுலைடோடு டைக்ளோஃபினாக், கோடீன் கலந்த இருமல் சிரப் என்று அட்டைப்பெட்டிகள் நிறைந்தன.

மார்ச் 14 அன்றே கோரெக்ஸ் சிரப்புக்காக ஃபைசர் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஸ்டே, அதாவது அமைச்சகத்தின் தடையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் உத்தரவு, வாங்கிவிட்டது. மற்ற கம்பெனிகளும் வரிசையாகப் போயின. எங்களுக்குச் சரக்கு அனுப்பும் ஸ்டாக்கிஸ்ட் போனில் சொன்னார்: "ஸ்டே வந்திருச்சு, பெட்டியப் பிரிச்சிருங்க."

இந்த மருந்துகள் கடைக்கு வந்த வழியே கோணல். புதிதாக ஒரு கூட்டு மருந்து விற்க மத்திய மருந்துக் கட்டுப்பாட்டாளரின் ஒப்புதல் வேண்டும். அது இல்லாமலேயே பல மாநில அதிகாரிகள் உற்பத்தி உரிமம் கொடுத்திருந்தார்கள். இதைச் சரிசெய்யத்தான் பேராசிரியர் கோகாடே தலைமையில் குழு அமைத்து ஆராய்ந்தார்கள். அதன் பரிந்துரைதான் தடையானது.

2016 டிசம்பர் 1 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் 454 மனுக்களையும் சேர்த்து விசாரித்து, தடையை ரத்து செய்தது. மருந்து நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குள் நீதிபதி போகவில்லை. மருந்தைத் தடை செய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் தரும், மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஏ பிரிவைப் பயன்படுத்துமுன் சட்டப்படி அமைந்த மருந்துத் தொழில்நுட்ப ஆலோசனை வாரியத்தைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை என்பதுதான் தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில், அப்படிக் கேட்பது கட்டாயமில்லை என்றது. ஆனாலும் விஷயத்தை அதே வாரியத்துக்கு அனுப்பி, கம்பெனிகளின் தரப்பையும் கேட்கச் சொன்னது. 2018 செப்டம்பர் 7இல் 328 மருந்துகளுக்கு மறுபடி தடை வந்தது. இடையில் இரண்டரை வருடம்.

அந்த இரண்டரை வருடம் கவுண்டரில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். பேப்பர் படிக்கும் ஒரு அம்மா சீட்டோடு வந்து, "இதத் தடை பண்ணிட்டாங்கனு போட்டிருந்துச்சே தம்பி?" என்று கேட்டார். கோர்ட்டில் ஸ்டே இருக்கிறது என்றேன். "அப்ப நல்ல மருந்துதான்" என்று நிம்மதியாக வாங்கிக்கொண்டு போனார். இதற்கு என்ன பதில் சொல்வது? டாக்டர் எழுதிய சீட்டை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. வழக்கு, யார் எந்த முறையில் முடிவெடுக்கலாம் என்பது பற்றியது. அந்த அம்மா காதில் அது மருந்துக்குக் கிடைத்த நற்சான்றாக விழுகிறது. மருந்துக் கம்பெனி ரெப்களும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

நிபுணர் குழு சொன்னால் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்று எங்கள் சங்கக் கூட்டத்தில் சிலர் பேசினார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. வலி மாத்திரையோடு அமிலம் குறைக்கும் மாத்திரையைச் சேர்க்கலாமா என்று நீதிபதி முடிவு செய்வது ஆபத்து, சரி. ஆனால் உரிமம் கொடுத்த மாநில அதிகாரியும் அரசு அமைப்புதானே? அவர் சொல்லையும் அப்படியே ஏற்றால் தடைக்கே வேலை இல்லை. ஒரு கூட்டு மருந்து ஏன் வேண்டாம் என்பதற்கான காரணத்தை மருந்துவாரியாக, கடைக்காரனுக்கும் புரிகிற மாதிரி முதல் நாளே வெளியிட்டிருந்தால் அமைச்சகத்தின் கை ஓங்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

எனக்கு வேறொரு ஆசையும் உண்டு. இடைக்கால ஸ்டே கொடுக்கும்போது, 'இந்த மருந்தின் மீதான தடை வழக்கில் உள்ளது' என்று அட்டையில் ஒரு வரி அச்சிடும்படி நீதிமன்றம் நிபந்தனை போடலாம். அச்சிட்டு முடிந்த பழைய ஸ்டாக்குக்குக் கடையிலேயே ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்கிறோம். எக்ஸ்பயரி சரக்கைப் பிரிப்பதைவிட அது ஒன்றும் பெரிய வேலை கிடையாது.