மணிக்கு மூன்று மொழி

மதியச் சாப்பாடு முடிந்ததும் பாயை விரித்துப் படுத்து, கெட்ட கனவு கண்டவன் மாதிரி முனகுவது ஐந்து மாதம் எனக்குச் சம்பள வேலை. நாகமலைப் பக்கம் எங்கள் நாய்ப் பயிற்சிக் கொட்டகை. நான் முனகினால் மணி எழுந்து வந்து மூக்கால் என் கையை முட்ட வேண்டும். நான் அசையாவிட்டால் முன்னங்கால் இரண்டையும் நெஞ்சின்மேல் போட்டு அழுத்த வேண்டும். 28 கிலோ லாப்ரடார் ஏறி அமுக்கினால் கும்பகர்ணனும் எழுந்துவிடுவான். அப்புறம் சுவரில் உள்ள சுவிட்சைத் தட்டி விளக்கைப் போட வேண்டும். இதற்குத்தான் ரொம்ப நாள் பிடித்தது. முதலில் தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டி அதைத் தொடச் சொன்னோம். பிறகு அதையே சுவரில், கடைசியில் சுவிட்சின்மேல். சாண் சாணாகத்தான் ஏறியது.

மணி போக வேண்டிய வீடு உசிலம்பட்டிப் பக்கம். வீட்டுக்காரர், எனக்கு அண்ணன் மாதிரி, ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். காஷ்மீரில் கண்ணிவெடியில் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. புனேயில் 1944 முதல் இருக்கும் ராணுவச் செயற்கை உறுப்பு மையத்தில் கால் வைத்துக் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்த் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வருவார். பகலில் ஒரு குறையும் இல்லை. ராத்திரிதான் பாடு. ஊர்த் திருவிழாவில் வேட்டுப் போட்டால் அந்த வாரமே தூக்கம் கிடையாது.

"எனக்குக் கண்ணு நல்லாத்தானே தம்பி தெரியுது, நாய் எதுக்கு?" என்று முதல் நாளே கேட்டார். நியாயமான கேள்வி. முதல் உலகப் போரில் பார்வை போன சிப்பாய்களுக்காக 1916ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் பள்ளி தொடங்கியபோது, வழிகாட்டுவதுதான் நாயின் வேலை. கீழே விழுந்த ஊன்றுகோலை எடுத்துக் கொடுப்பது, கதவைத் திறப்பது, தூக்கத்தில் அலறுபவரை எழுப்புவது எல்லாம் பின்னால் சேர்ந்தவை.

டீக்கடையில் வேறு கேள்வி. "நம்ம சிப்பிப்பாறை இருக்கையில வெள்ளைக்கார நாய் எதுக்குய்யா?" சிப்பிப்பாறையோடு வளர்ந்தவன் நான், எனக்கும் வருத்தம்தான். ஆனால் அது முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்தவே வளர்ந்த சாதி. நடுரோட்டில் ஆட்டுக்குட்டி ஓடினால், பிடித்திருப்பவரையும் இழுத்துக்கொண்டு பறந்துவிடும். லாப்ரடாரின் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களோடு வலை இழுத்தவை. வாயில் கவ்வியதைக் கடிக்காமல் கொண்டுவந்து கொடுப்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. வெயில்தான் ஆகாது. புறங்கையைத் தார்ரோட்டில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நடத்தாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்வோம். சித்திரை, வைகாசியில் விடியற்காலை நடைதான்.

மணியை விட்டுவிட்டு வந்த நான்காம் நாள் அண்ணனின் மனைவி, எனக்கு அக்கா, போன் செய்தார். "தம்பி, ராத்திரி அவரு கத்துனாரு. இது அடுப்படியில போயிப் படுத்துக்கிருச்சு."

போய்ப் பார்த்தேன். தப்பு இரண்டு இடத்தில். ஒன்று என்னுடையது. நான் நடித்த கனவில் முனகல் மட்டும்தான் இருந்தது. அண்ணன் முனகுவதே இல்லை. முதலில் பல்லை நறநறவென்று கடிக்கிறார், பிறகு நல்ல காலால் சுவரை உதைக்கிறார், கடைசியில்தான் கத்துகிறார், அதுவும் இந்தியில். பதினேழு வருட ராணுவம் தூக்கத்தில் இந்தியில்தான் வருகிறது. விழித்திருக்கும்போதும் மணியை உட்காரச் சொல்ல இந்தியில் "பைட்" என்பார். நான் பழக்கியது "சிட்". அக்காவுக்கு "உக்காரு". மூன்றையும் கேட்டுவிட்டு அது ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. குடும்பத்தை ஒரு வாரம் கொட்டகைக்கு வரவழைத்துக் கூடவே இருக்க வைத்திருந்தால் இதெல்லாம் அங்கேயே தெரிந்திருக்கும். ஒரே நாளில் கையில் கொடுத்துவிட்டு வந்தது என் அவசரம்.

இன்னொன்று எலும்பு. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பில் கிடந்ததை அக்கா போட்டிருக்கிறார். வெந்த எலும்பு சிம்புசிம்பாக உடைந்து குடலைக் கிழித்துவிடும் என்பது ஒருபுறம். சோறு போடுகிற கை எதுவோ அந்தக் கைக்குப் பின்னால்தானே நாய் போகும்?

பத்து நாள் அங்கேயே திண்ணையில் படுத்தேன். சாப்பாட்டுத் தட்டு அண்ணன் கையிலிருந்து மட்டும். உத்தரவு இந்தியில் மட்டும், நானும் மாறிக்கொண்டேன். அவர் பல் கடிக்கும் சத்தத்தை அக்கா செல்போனில் பதிந்து வைத்திருந்தார். அதைச் சன்னமாகப் போட்டு, மணி தலையைத் தூக்கியதும் ஒரு துண்டு தீனி. கத்துகிற வரை காத்திருக்காமல் பல் கடிக்கும்போதே எழுப்ப வேண்டும் என்பது திட்டம். எட்டாம் நாள் ராத்திரி, அந்தப் போன் என் பையில் சும்மா கிடக்கையில், உள்ளே விளக்கு எரிந்தது. நான் எழுந்து போகவில்லை. "ஷாபாஷ்" என்று ஒரு குரல் மட்டும் கேட்டது.

தெருநாய்த் தொல்லை தனிக்கதை. மணியை ஏற்ற மாட்டேன் என்று இறக்கிவிட்ட கண்டக்டர் கதை அதைவிடப் பெரிது.

போன மாதம் அக்கா மறுபடி பேசினார். நான் பதறிப்போய், என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகல. எலும்பு வேணாம் தம்பி, ஒரு வாய் தயிருசோறாச்சும் என் கையால போடக் கூடாதா?"

இன்னும் ஆறு மாசம் போகட்டும் என்றேன்.

"மிலிட்டரில கூட லீவு குடுப்பாங்க" என்று போனை வைத்துவிட்டார்.