கதவோரத்து மேசை

ஜப்பானில், யோகோஹாமாவில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவருக்குக் கல்யாணம். சடங்கு அவர்கள் குடும்பத்தோடு முடிந்துவிடும், ஹிரோஎன் எனப்படும் விருந்துக்குத்தான் எங்களுக்கு அழைப்பு. வருகிறோமா இல்லையா என்று பதில் போட ஒரு தபால் அட்டையும் கூடவே வந்தது. அதில் 'வருகை' என்ற சொல்லுக்கு முன்னால் 'கோ' என்று ஒரு மரியாதை எழுத்து அச்சாகியிருந்தது. அதை இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்றார் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர். நமக்கு நாமே மரியாதை போட்டுக்கொள்ளக் கூடாதாம். அந்த ஒரு எழுத்தை அடித்தபோதே இந்தக் கல்யாணம் எனக்குப் பிடித்துப்போனது.

அப்புறம் மொய். நண்பர்கள், உடன் வேலை பார்ப்பவர்கள் என்றால் வழக்கமாக 30,000 யென். இரட்டைப்படை என்றால் இரண்டாகப் பிரிந்துவிடும் என்பதால் ஒற்றைப்படையில் மூன்று பத்தாயிரம் நோட்டு, அதுவும் மடிப்பு விழாத புது நோட்டு. நம் ஊரில் நூற்றோடு ஒரு ரூபாய் சேர்த்து வைக்கும் கையில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உறையில்தான் தவறவிருந்தேன். கடையில் நான் எடுத்தது பூமுடிச்சு போட்ட உறை. அந்த முடிச்சை எத்தனை முறை வேண்டுமானாலும் அவிழ்த்துக் கட்டலாம், அதனால் குழந்தை பிறந்தால் கொடுக்க ஆகும். கல்யாணத்துக்கு இழுக்க இழுக்க இறுகும் முடிச்சுதான் வேண்டும். நல்லவேளை, பக்கத்து இருக்கைக்காரர் பார்த்துவிட்டார்.

மண்டபத்துக்கு வெளியே காத்திருந்தபோது ஒரு சின்னக் கிண்ணத்தில் வெந்நீர் கொடுத்தார்கள். அடியில் உப்பில் ஊறிய ஒரு செர்ரிப்பூ, சுருண்டு கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இதழ் இதழாக விரிந்தது. குடித்தால் மெல்லிய உப்பு, பின்னால் பூவின் வாசம். நல்ல காரியங்களில் பச்சைத் தேநீரைத் தவிர்ப்பார்கள். 'தேநீரைக் கலக்குவது' என்றால் ஜப்பானிய மொழியில் மழுப்புவது என்று பொருள்.

சொல்லில் இவ்வளவு கவனமா என்று கேட்கலாம். மேடையில் பேசுபவர்கள் 'வெட்டு', 'பிரி', 'முடி' என்ற சொற்களை வாயில் எடுக்க மாட்டார்கள். விருந்து முடிந்தது என்பதைக்கூட 'ஓஹிராகி', அதாவது 'திறப்பு' என்றுதான் அறிவிக்கிறார்கள். வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் 'நிறைந்திருக்கிறது' என்பாள் என் அம்மா. அவளை நினைத்துக்கொண்டேன்.

உள்ளே மணமக்களுக்கு மிக அருகில் அலுவலக மேலதிகாரிகள், அடுத்து நண்பர்கள். பெற்றோரைத் தேடினேன். கடைசியில், கதவோரத்து மேசையில் இருந்தார்கள். வந்தவர்கள்தான் விருந்தாளிகள், அழைத்தவர்களுக்குக் கடைசி இடம். மணமகளின் அம்மா கறுப்பு கிமோனோவில் இருந்தார், கீழ் விளிம்பில் மட்டும் பொன்னும் சிவப்புமாகப் பூ வேலைப்பாடு. மணமான பெண்களுக்கு இதைவிட உயர்ந்த உடை கிடையாது. சுபகாரியத்தில் கறுப்பா என்று திடுக்கிட்ட மனம், அவர் நடந்து வந்தபோது அந்த விளிம்பு அசைந்த அழகில் அடங்கிவிட்டது. அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. பீர் புட்டியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, மேசை மேசையாகப் போய் ஊற்றி, "மகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று குனிந்துகொண்டே இருந்தார். என்னிடமும் வந்தார். நானும் எழுந்து குனிந்தேன்.

இறுதியில் பெற்றோர் கதவருகே நிற்க, மணமகள் கடிதம் ஒன்றைப் பிரித்து வாசித்தாள். பள்ளிக்கு அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பெட்டி பற்றி இரண்டு வரி படித்ததும் குரல் நின்றுவிட்டது. மண்டபத்தில் ஒரு கரண்டிச் சத்தம்கூட இல்லை. மணமகன் ஒலிவாங்கியை இன்னும் கொஞ்சம் அருகில் பிடித்தான், அவ்வளவுதான். அவள் மீதியைப் படித்து முடித்தாள்.

வெளியேறும்போது வாசலில் இரு வீட்டாரும் வரிசையாக நின்று ஒவ்வொருவரையும் வழியனுப்பினார்கள். அவர்களுடைய மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அம்மாவின் இடத்தில் காபி கோப்பை நிரம்ப அப்படியே ஆறியிருந்தது.