ஜெர்மன் பி1 சொற்களை அன்கி ஆப்பில் படித்த விதம்

ஜெர்மன் படிக்கிறவர்கள் பெரும்பாலும் இலக்கணத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் ஏ1, ஏ2வுக்கு அடுத்த மூன்றாம் நிலையான பி1 தேர்வில் காலை வாருவது சொற்கள். தேர்வை நடத்தும் கோதே இன்ஸ்டிட்யூட்டின் ஏ1 பட்டியலில் சுமார் 650 சொற்கள், ஏ2வில் சுமார் 1300, பி1 வரும்போது அது ஏறத்தாழ 2400 ஆகிவிடும். நோட்டில் எழுதிவைத்துத் திரும்பத் திரும்பப் புரட்டினால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், ஆனால் கேட்டல் பகுதியில் அந்தச் சொல் காதில் விழும்போது அர்த்தம் வருவதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடும். அன்கி என்பது சொற்களைக் கேள்வி பதில் கார்டுகளாக வைத்து, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் காட்டும் ஆப். நான் அதில் படித்துத்தான் பி1 முடித்தேன், அதில் எது உண்மையில் உதவியது என்று மட்டும் சொல்கிறேன்.

ஆண்ட்ராய்டில் அன்கிட்ராய்டு இலவசம், ஐபோனில் காசு கட்ட வேண்டும். கார்டுகளைக் கணினியில் தயார் செய்து போனுக்கு சிங்க் செய்துகொள்வது வசதி.

முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒரு நாளைக்கு எத்தனை புதுக் கார்டு என்பது. ஆப் தானாக 20 வைத்திருக்கும். இருபதுதானே என்று தோன்றும், ஆனால் இன்று பார்த்த கார்டு நாளைக்கும் வரும், சில நாள் கழித்தும் வரும், அப்புறம் சில வாரம் கழித்தும் வரும், இப்படிச் சேர்ந்து சேர்ந்து கொஞ்ச நாளில் தினசரி ரிவ்யூ மட்டுமே இருநூறை நெருங்கிவிடும். பலர் ஆப்பைத் திறக்கவே பயந்து விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். வேலைக்கோ கல்லூரிக்கோ போய்க்கொண்டே படிப்பவர்கள் 10 வையுங்கள், தயவுசெய்து அதற்கு மேல் வேண்டாம். ஏ2 முடித்தவருக்கு மிச்சம் சுமார் 1100 சொற்கள், பத்துப் பத்தாகப் போனாலே நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும். நேரமே இல்லாத நாளில் புதுக் கார்டை நிறுத்துங்கள், ரிவ்யூவை நிறுத்தாதீர்கள்.

அடுத்தது கார்டு எப்படி இருக்க வேண்டும் என்பது. யாரோ செய்துவைத்த டெக்கை, அதாவது கார்டுத் தொகுப்பை, இறக்கிக்கொள்வது சுலபம்தான், இருந்தாலும் நாமே செய்த கார்டுதான் மனதில் நிற்கிறது என்பது என் அனுபவம். பெயர்ச்சொல் என்றால் ஆர்ட்டிக்கிளும் பன்மையும் சேர்ந்தே இருக்கட்டும்: டெர் டிஷ் (மேசை), டீ டிஷெ (மேசைகள்). வெறும் டிஷ் என்று படித்துவிட்டால் பின்னால் ஆர்ட்டிக்கிள் டெர்ரா, டீயா, டாஸா என்று தனியாக ஒரு தடவை படிக்க வேண்டியிருக்கும். வினைச்சொல் என்றால் வாக்கியமாகப் போடுங்கள். "இஹ் வார்ட்டெ அவுஃப் டென் புஸ்" (நான் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன்) என்ற வாக்கியத்தில் அவுஃப், டென் இரண்டையும் மறைத்துவிட்டு அதையே கேள்வியாக்கினால், வினையோடு வரும் முன்னிடைச்சொல்லும் வேற்றுமையும் ஒரே கார்டில் பிடிபட்டுவிடும். எழுத்துப் பகுதியில் மார்க் போவது பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களில்தான். வாக்கியத்தை நீங்களே யோசிக்க வேண்டியதில்லை, கோதே பட்டியலிலேயே சொற்களுக்கு எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கின்றன, அதை அப்படியே எடுத்துப் போடலாம்.

பட்டன் விஷயம் ஒன்று. விடையைப் பார்த்ததும் எவ்வளவு ஞாபகம் இருந்தது என்று ஒரு பட்டனை அழுத்த வேண்டும், மறந்துவிட்டால் அதற்கு அகெய்ன். மறந்துபோன கார்டுக்கு அகெய்ன் அழுத்த மனமில்லாமல் ஹார்டு அழுத்துவார்கள். ஹார்டு என்றால் கஷ்டப்பட்டாவது ஞாபகம் வந்தது என்று ஆப் எடுத்துக்கொள்கிறது, அதனால் அந்தச் சொல்லைத் தள்ளித்தான் காட்டும். கார்டு எப்போது திரும்ப வர வேண்டும் என்று கணக்கிடும் புதிய எஃப்எஸ்ஆர்எஸ் முறையை ஆன் செய்திருந்தால் இது இன்னும் மோசம், நீங்கள் அழுத்துவதை வைத்துத்தானே அது இடைவெளியைக் கணக்குப் போடுகிறது. வரவில்லையா, அகெய்ன். அவ்வளவுதான்.

சில சொற்கள் என்ன செய்தாலும் ஒட்டாது. ஒரு கார்டு எட்டு முறை மறந்துபோனால் அன்கி அதை லீச் (அட்டை மாதிரி நேரத்தை உறிஞ்சும் கார்டு) என்று குறித்துவிடும், செட்டிங்கைப் பொறுத்து ஒதுக்கியும் வைத்துவிடும். அதைத் திரும்ப உள்ளே இழுத்துப் போட்டு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. பார்த்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று சொற்கள் ஒன்றோடொன்று குழம்பியிருக்கும். எனக்கு ஷ்டெல்லன், பெஷ்டெல்லன், ஃபோர்ஷ்டெல்லன் மூன்றும் அப்படித்தான் முட்டிக்கொண்டன. வைப்பது, ஆர்டர் செய்வது, அறிமுகப்படுத்துவது. பெஷ்டெல்லனை மட்டும் ஓட்டலில் சாப்பாடு சொல்லும் வாக்கியத்தோடு வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் சஸ்பெண்ட் செய்து, அதாவது வராமல் நிறுத்தி வைத்தேன், அது பழகிய பிறகு அடுத்ததை எடுத்தேன், குழப்பம் போய்விட்டது.

பேசும் பகுதிக்கு இது மட்டும் போதாது. ஜெர்மனைப் பார்த்து அர்த்தம் சொல்வது வேறு, எதிரில் இன்னொரு தேர்வரோடு சேர்ந்து ஒரு திட்டம் போடச் சொன்னால் சொல்லைத் தேடி எடுப்பது வேறு. அதனால் முக்கியமான சொற்களுக்காவது தமிழிலிருந்து ஜெர்மனுக்குப் போகும் கார்டும் வையுங்கள், விடையை மனதுக்குள் சொல்லாமல் வாய்விட்டு முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். தேர்வில் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என்று நான்கு பகுதிகள், ஒவ்வொரு பகுதியிலும் நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும், ஆனால் நான்கையும் தனித்தனியாக எழுதலாம் என்பதால், பேச்சு மட்டும் பின்தங்கியிருந்தால் மற்ற மூன்றை முதலில் முடித்துவிட்டு அதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளலாம்.