மாமாவின் பைபர் படகு: முற்றத்து நாட்குறிப்பு

2026 ஜனவரி 18, ஞாயிறு

மாமாவின் படகு ஒருவழியாக வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டது. இன்று தை அமாவாசை. அக்னி தீர்த்தத்துக்குப் போகும் வண்டிகள் மண்டபம் ரோட்டை அடைத்திருந்ததால், வடகடல் (பாக் விரிகுடா) கரையிலிருந்து டிராக்டரில் ஏற்றி ரோட்டைக் கடக்கவே பொழுது சாய்ந்துவிட்டது.

24 அடி நீளம். 2004 சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் கடலோரத்தில் பைபர் படகு படகாகக் கொடுத்தார்களே, அந்தக் காலத்து வார்ப்பு. நாகப்பட்டினம் பக்கம் ஒருவரிடம் மாமா கைமாற்றி வாங்கியது. சில வருடங்களாகக் கரையில் கவிழ்க்காமலே கிடந்ததில் ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் உள்ளே தேங்கி நின்றிருக்கிறது.

“பைபர் மக்காது மாப்ளே. ரெண்டு மேட் ஒட்டி பெயின்ட் அடிச்சா ஓடும்” என்கிறார் மாமா. மேட் என்றால் கண்ணாடி இழை விரிப்பு. பைபர் மக்காது, சரி. உள்ளே வைத்து மூடிய பலகை மக்குமே.

ஜனவரி 20, செவ்வாய்

சின்னச் சுத்தியலால் அணியத்திலிருந்து பின்பக்கம் வரை தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல இடத்தில் ‘டங்’ என்று கணீர் சத்தம். பிரிந்த இடத்தில் ‘டொப்’. ‘டொப்’ என்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டேன். பக்கவாட்டில் அங்கங்கே, பெரிய கவலை இல்லை. இன்ஜின் மாட்டும் பின்பலகையில் மட்டும் வட்டம் போடாத இடமே மிஞ்சவில்லை.

உள்பக்கத்திலிருந்து 3 மில்லிமீட்டர் துளை போட்டுப் பார்த்தேன். மரத்தூள் வரவேண்டிய இடத்தில் கறுப்புச் சகதி வந்தது. மாமா மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

ஜனவரி 25, ஞாயிறு

பின்பலகையைப் பிரித்தாயிற்று. வெளித்தோலை அப்படியே விட்டு, உள்தோலை மட்டும் கிரைண்டரால் வெட்டி எடுத்தோம். வெளித்தோல் நின்றால்தான் படகின் வடிவம் மாறாது, புதுப் பலகைக்கு அதுவே அச்சாகவும் ஆகும். உள்ளே இருந்த பிளைவுட் டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி கையோடு வந்தது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிட்டது: இன்ஜின் போல்ட் ஓட்டைகள். முன்பு யாரோ ரிப்பேர் செய்தபோது பிளைவுட்டில் நேரடியாகத் துளைபோட்டு, போல்ட்டைச் சுற்றி ஜன்னலுக்கு அடிக்கிற புட்டியை அப்பியிருக்கிறார்கள். இன்ஜின் அதிர அதிரப் புட்டி விட்டுவிடும். பிளைவுட்டின் வெட்டுமுகம் உறிஞ்சுவது என்ன, குடித்தே விடும். மேலே பளபளவென்று பெயின்ட் இருப்பதால் வெளியே எதுவும் தெரியாது.

கிரைண்டர் வேலைக்கு முழுக்கைச் சட்டை, மாஸ்க், கண்ணாடி எல்லாம் போட்டும் கழுத்தில் அரிப்பு. கண்ணாடி இழைத் தூசியை விரட்ட யாராவது நல்ல வழி கண்டுபிடித்தால் கோயில் கட்டலாம்.

ஜனவரி 29, வியாழன்

தளத்துக்குக் கீழே மிதப்புக்காக ஊற்றியிருந்த ஃபோமையும் தோண்டி எடுத்தேன். பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. இவ்வளவு நாளும் படகு இந்தச் சுமையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

அந்த இடத்தில் தெர்மாகோல் போடலாமே என்றான் மச்சான். ஒரு துண்டின் மேல் ரெசினை (இழையை ஒட்டி இறுகும் பிசின்) ஊற்றிக் காட்டினேன். ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்து நடுவில் குழி விழுந்தது. வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் இன்னொரு தடவை செய்யச் சொன்னார்கள்.

அப்புறம் கழுவும் வேலை. கடலுப்பு உள்ளே இருக்கும்வரை அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எனவே நல்ல தண்ணீரில்தான் கழுவ வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரோ உப்பு. குடிக்கிற தண்ணீரைக் குடம் குடமாகப் படகில் ஊற்றினால் எந்த வீட்டில்தான் சும்மா இருப்பார்கள்? “படகுக்குத் தலைக்கு ஊத்தியாச்சா?” என்று வீட்டில் கேட்டார்கள். கடைசியில் டிராக்டர் தண்ணீர் வாங்கினேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் படகு ரிப்பேரில் இதுவும் ஒரு செலவு.

பிப்ரவரி 8, ஞாயிறு

காய்கிறது. வேறு எழுத ஒன்றும் இல்லை என்று நினைத்தேன், ஆனால் இதுதான் முக்கியமான வேலை. ஓலைக் கூரைக்குக் கீழே, வாடைக்காற்று உள்ளே புகுந்து வெளியேறும்படி படகை நிறுத்தியிருக்கிறேன். சாயங்காலம் ஒரு சதுரப் பாலித்தீன் தாளை உள்சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிடுகிறேன். காலையில் தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவரில் ஈரம் மிச்சம் இருக்கிறது. போன வாரம் முத்து முத்தாக நின்றது. இன்று பனி படர்ந்த அளவுதான்.

பாம்பனில் பைபர் வேலை செய்யும் அண்ணன் வந்து பார்த்தார். தினமும் கரையேறும் படகைவிட நங்கூரத்திலேயே கிடக்கும் படகில்தான் அடியில் கொப்புளம் வரும் என்றார். நம்முடையதில் சில கொப்புளங்களைக் குத்தியதும் காடி நாற்றம் அடித்தது. அவற்றைச் சுரண்டித் திறந்து விட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

தாள் காய்ந்து வந்தது. விடியும்போதே ஆரம்பித்தோம். வெயில் ஏறினால் ரெசின் கைக்கு முன்னால் இறுகிவிடும். காலையில் ரெசின் கிலோவுக்கு 15 மில்லி கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகவைக்கும் திரவம்), வெயில் வந்ததும் 10 மில்லி.

இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடு ஒன்று கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, ஊற்றப்போகும் நேரத்தில்தான் கேட்டலிஸ்ட். இரண்டு பாட்டிலையும் அந்த அண்ணன் முற்றத்தின் இரு மூலையில் வைக்கச் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது.

19 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் இரண்டு, நடுவில் நனைந்த மேட். எல்லா வெட்டுமுகத்துக்கும் முன்கூட்டியே ரெசின் பூசியாயிற்று. கிளாம்ப் போட்டு இறுக்க, ஓரமெல்லாம் ரெசின் பிதுங்கியது. பிதுங்காத ஓரத்தில் உள்ளே காற்று இருக்கும், அங்கே இன்னொரு கிளாம்ப். உள்தோலுக்கு மேட், ரோவிங் (நெய்த கண்ணாடி இழைத் துணி), மேட், ரோவிங் என்று மாற்றி மாற்றி. பழைய பைபரின் விளிம்பை, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 12 மில்லிமீட்டர் அகலமாகச் சரித்துத் தேய்த்திருந்தேன். மொட்டையாக முட்டி ஒட்டினால் முதல் அலையிலேயே அந்தக் கோட்டில் விரியும்.

சிவராத்திரி. எல்லோரும் கண்விழிக்கக் கோயிலுக்குப் போனார்கள், நான் படுத்துத் தூங்கிவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

போல்ட் ஓட்டைகள். வேண்டிய அளவைவிடப் பெரிதாகத் துளைத்து, இழைத்தூள் கலந்த கெட்டி ரெசினால் அடைத்து, இறுகிய பிறகு அதற்குள் சரியான அளவில் மறுபடி துளை. இப்போது போல்ட் பிளைவுட்டைத் தொடவே தொடாது. “ஒரு ஓட்டைக்கு ரெண்டு தரம் கூலியா?” என்றார் மாமா. பழைய பிளைவுட்டை எடுத்துக் காட்டினேன்.

மார்ச் 1, ஞாயிறு

மண்ணெண்ணெய் இன்ஜினை டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பார்த்தோம். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். இன்ஜினைக் குளிரவைத்த தண்ணீர் வெளியேறும் பக்கவாட்டு ஓட்டையில் அது சிறுநூலாக வந்ததால் உடனே அணைத்துவிட்டேன். பம்ப் இம்பெல்லரின் ரப்பர் இறக்கைகள் ஒருபக்கமாக மடிந்து போயிருந்தன. புதிது போட்டதும் பீய்ச்சி அடித்தது. துத்தநாகக் கட்டிக்கு மேலும் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள்! அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு இன்ஜினைக் காக்கவேண்டிய கட்டி அது, பெயின்ட் பூசினால் வேலை செய்யாது. சுரண்டி எடுத்தேன்.

நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்குத் திருப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும், இல்லையென்றால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி அடுத்த நாள் கயிறு இழுத்தே தோள் போய்விடும். இது மட்டும் மாமா எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

ஜெல்கோட் (வெளிப்பூச்சு) பாக்கி, தளத்தின் கீழ் புது ஃபோம் பாக்கி. வடகடலில் வாடை முழுக்க அடங்கவில்லை என்பதால் முதல் ஓட்டம் தென்கடலில் (மன்னார் வளைகுடா). படகு தூக்க மாமா அதற்குள் ஆள் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஃபோம் ஊற்றாமல் அனுப்ப மாட்டேன் என்று சொன்னதற்கு, “ஊத்து, ஊத்து, அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள ஊத்து” என்கிறார்.