அக்ஃபீல்டு வக்கீல்

இரண்டு நாளாக சார்லஸ் டாசன் நினைப்பாகவே இருக்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில், அக்ஃபீல்டு என்ற சின்ன ஊரில் சொலிசிட்டர். நேரம் கிடைத்தால் புதைபடிவமும் பழம்பொருளும் தேடிக் கிளம்பிவிடுவார். ஒரு டைனோசருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அப்படிப்பட்ட மனிதர் 1912இல் பில்ட்டவுன் என்ற இடத்துச் சரளைக் குழியில் ஆதிமனிதனின் மண்டையோடும் தாடையும் கிடைத்ததாகக் கொண்டுவந்தார். பெரிய அறிஞர்களே நம்பினார்கள். 1916இல், 52 வயதில் இறந்தும் போனார்.

1953இல்தான் குட்டு உடைந்தது. மண்டையோடு மனிதனுடையது, தாடை ஒராங்குட்டானுடையது. பல்லை அரத்தால் ராவி, பழசாகத் தெரிய எலும்புக்குச் சாயம் ஏற்றியிருந்தது. 2016 ஆய்வும் டாசனைத்தான் கைகாட்டியது.

எனக்குத் தாங்காதது வேறு. 1924இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த ‘டவுங் குழந்தை’ என்ற மனித மூதாதையின் மண்டையோடு நிஜமானது. அதை அறிஞர்கள் ஏற்கப் பல வருஷம் ஆனது. இந்தப் பொய்த் தாடையும் அதற்கு ஒரு காரணம்: மனிதனின் மூதாதைக்குப் பெரிய மூளையும் குரங்குத் தாடையும் இருந்திருக்கும் என்று அது நம்பவைத்திருந்தது; டவுங் குழந்தை அதற்கு நேர்மாறாக இருந்தது.